இயக்க வரைபடம் புரிய எது நல்ல வழி? வளவில் நடை, கைப்பேசிக் காணொளி, திரை மாதிரி, வரைபடத்தாள்: ஓர் ஒப்பீடு

தேவகோட்டையிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகள் இயக்கச் சமன்பாடுகள் மூன்றையும் தடங்கலின்றி ஒப்பிக்கிறாள், ஆனால் திசைவேகம்–நேரம் வரைபடம் ஒன்றைக் காட்டி, ‘இந்த வண்டி எந்த வினாடியில் திரும்பியது?’ என்று கேட்டால் கோட்டின் உச்சியைத் தொட்டுக் காட்டுகிறாள்; அவளைத் தனிப்பயிற்சிக்கு அனுப்புவதா, கைப்பேசியில் ஒரு செயலி போதுமா? பள்ளத்தூரில் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மாணவர் ஒருவர், வினாத்தொகுப்பில் வரைபடக் கேள்வி வந்தாலே தாண்டிப் போய்விடுவதாகச் சொல்லி, இன்னும் நூறு கணக்குப் போட்டால் சரியாகிவிடுமா என்கிறார். காரைக்குடிக்கு அருகே ஒரு சிற்றூர்ப் பள்ளியின் ஆசிரியைக்கு நாற்பது பிள்ளைகள், ஒரே கைப்பேசி, வாரத்தில் இரண்டு பாடவேளை.

மூவரும் கேட்பது ஒரே கேள்வி போலத் தோன்றினாலும் மூவருக்கும் ஒரே விடை பொருந்தாது. ஒரு பொருளின் நிலையோ திசைவேகமோ (திசையோடு சேர்த்துச் சொல்லும் வேகம்) நேரத்தோடு எப்படி மாறுகிறது என்பதைக் கோடாகக் காட்டுவது இயக்க வரைபடம். அதைக் கற்க நம் ஊரில் எளிதாகக் கைக்கெட்டும் வழிகள் நான்கு: நடந்து அளந்து வரைவது, உருளும் குண்டைக் கைப்பேசியில் படமெடுத்து அளப்பது, கணினித் திரையில் நகரும் மாதிரியை இயக்கிப் பார்ப்பது, வரைபடத்தாளை வைத்துக்கொண்டு கணக்குப் போடுவது. நான்கையும் பிள்ளைகளோடு செய்து பார்த்தவன் என்ற முறையில், ஒவ்வொன்றும் எதைத் தருகிறது, சொல்லாமல் எதை எடுத்துக்கொள்கிறது என்பதை இங்கே எடை போடுகிறேன்.

எந்த இடத்தில் கால் இடறுகிறது?

வழியைத் தேர்வதற்கு முன் தடுமாற்றம் எது என்று தெரிந்தாக வேண்டும். பிள்ளைகள் செய்யும் பிழைகள் பலவாகத் தெரிந்தாலும் அவை பெரும்பாலும் நான்கு வேர்களிலிருந்து முளைப்பவை: வரைபடத்தைக் காட்சிப்படமாகப் பார்ப்பது, கோட்டின் உயரத்தையும் சாய்வையும் ஒன்றாகக் கருதுவது, குறைக்குறியின் (−) பொருள் தெரியாதது, கோட்டுக்குக் கீழுள்ள பரப்பு எதைக் குறிக்கிறது என்று அறியாதது. இவற்றைத் துருவி அறிவதற்காகவே ராபர்ட் பைக்னர் என்ற இயற்பியல் கல்வி ஆய்வாளர் 21 வினாக்கள் கொண்ட சோதனை ஒன்றை 1994-ல் வெளியிட்டார். வீட்டில் அவ்வளவு தேவையில்லை. மூன்று கேள்விகள் போதும்.

முதல் கேள்விக்கு ஒரு நிலை–நேரம் வரைபடம் வரையுங்கள். கோடு சற்று உயரத்தில் கிடையாகச் சென்று, பிறகு சாய்ந்து இறங்கி, மறுபடி கிடையாகச் செல்லட்டும். இந்தப் பொருள் என்ன செய்தது? ‘சமதளத்தில் உருண்டது, சரிவில் இறங்கியது, மீண்டும் சமதளத்தில் உருண்டது’ என்று விடை வந்தால் பிள்ளை வரைபடத்தை நிலத்தின் படமாகப் பார்க்கிறது என்று பொருள். உண்மையில் அந்தப் பொருள் ஓரிடத்தில் அசையாமல் இருந்தது, தொடக்கப் புள்ளியை நோக்கிச் சீராக வந்தது, பிறகு நின்றுவிட்டது.

இரண்டாவது கேள்விக்கு அதே வகை வரைபடத்தில் வெவ்வேறு சாய்வுள்ள இரண்டு நேர்கோடுகளை ஒன்றையொன்று வெட்டும்படி வரைந்து, வெட்டும் கணத்தில் இரண்டு சைக்கிள்களின் வேகமும் சமமா என்று கேளுங்கள். ‘ஆம்’ என்றால் உயரமும் சாய்வும் குழம்பியிருக்கின்றன. அந்தக் கணத்தில் இரண்டும் ஒரே இடத்தில் இருக்கின்றன. வேகங்களோ பயணம் முழுவதும் வேறுபட்டவை. தேவகோட்டை மகளின் தடுமாற்றமும் இதற்கு உறவினம்தான்: திசைவேக வரைபடத்தின் உச்சியை அவள் பயணத்தின் கடைக்கோடியாகப் படிக்கிறாள்.

மூன்றாவது கேள்வியில் திசைவேகம்–நேரம் வரைபடம் ஒன்று 0-வது வினாடியில் +4 மீ/வி-யில் தொடங்கி, நேர்கோடாக இறங்கி, 8-வது வினாடியில் −4 மீ/வி-யை அடைகிறது. பொருள் எப்போது திரும்பியது? திரும்பும் கணத்தில் முடுக்கம், அதாவது திசைவேகம் மாறும் வீதம், எவ்வளவு? 8 வினாடி முடிவில் அது எங்கே இருக்கிறது? மொத்தம் எவ்வளவு தொலைவு ஓடியது? விடைகள்: 4-வது வினாடியில்; −1 மீ/வி² (தொடக்கம் முதல் முடிவு வரை இதே அளவுதான்); புறப்பட்ட இடத்திலேயே; 16 மீட்டர். இரண்டாம் விடையில் ‘பூச்சியம்’ என்று சொல்லாத பிள்ளை அரிது.

எடை போட வேண்டியவை

முதல் அளவுகோல், மேலே சொன்ன நான்கில் எந்தத் தடுமாற்றத்தை அந்த வழி நீக்குகிறது என்பது. இரண்டாவது, இயக்கத்துக்கும் கோட்டுக்கும் இடையிலான நேர இடைவெளி. இதைச் சிறிதென்று எண்ணக் கூடாது. ஹெதர் பிரசெல் 1987-ல் வெளியிட்ட ஆய்வில், நடக்கும்போதே வரைபடம் திரையில் தோன்றக் கண்ட மாணவர்கள், அதே வரைபடத்தை அரை நிமிடத்துக்கும் குறைவான தாமதத்துடன் கண்ட மாணவர்களைவிடத் தெளிவாகத் தேர்ந்திருந்தார்கள். கால் அசைவதும் கோடு அசைவதும் ஒரே மூச்சில் நடந்தால்தான் மனம் இரண்டையும் முடிச்சுப் போடுகிறது.

மூன்றாவது, அந்த வழியால் முடுக்கம் வரை போக முடியுமா என்பது. நிலையை அளப்பது எளிது. நிலைகளின் வேறுபாட்டிலிருந்து திசைவேகம், திசைவேகங்களின் வேறுபாட்டிலிருந்து முடுக்கம் என்று ஒவ்வொரு படியிலும் அளவீட்டுப் பிழை பெருகிக்கொண்டே போகும். நான்காவது, ஆட்களும் நேரமும். ஐந்தாவது, தேர்வு. நம் மாநிலப் பாடத்திட்டத்தில் ஏழாம் வகுப்பில் தொலைவு–நேரம் வரைபடம் வருகிறது. ஒன்பதாம் வகுப்பில் இயக்கச் சமன்பாடுகளை வரைபடத்தின் பரப்பிலிருந்து வருவிக்க வேண்டியிருக்கிறது. பதினொன்றாம் வகுப்பில் அதுவே நுண்கணிதமாகிவிடுகிறது. தேர்வை அளவுகோலாகச் சேர்க்கத் தயங்குகிறேன், ஆனால் பெற்றோரின் கவலையில் அது பாதி என்பதால் விட்டுவிட முடியாது.

வளவில் நடந்து வரைவது

செட்டிநாட்டு வீட்டின் முகப்பில் நின்றால் வரிசையாக அமைந்த வாசல்களின் வழியே பின்கட்டு வரை பார்வை நேர்கோட்டில் செல்லும். அந்த நேர்கோடும், வளவின் (வீட்டின் நடுமுற்றமும் அதைச் சூழ்ந்த தாழ்வாரமும்) தரையில் பதித்த ஆத்தங்குடிக் கற்களும் சேர்ந்தால் அது ஓர் ஆய்வுக்கூடம். பத்து அங்குலக் கல்லாக இருந்தால் நான்கு கல் ஏறத்தாழ ஒரு மீட்டர். எட்டு அங்குலமாக இருந்தால் ஐந்து கல் ஒரு மீட்டருக்குச் சற்றே கூடுதல். கண்ணாடிமேல் வண்ணக் கலவையை ஊற்றிக் கையால் செய்யப்படும் கற்கள் என்பதால், ஒரு வரிசையை நாடாவால் அளந்து உறுதி செய்துகொள்வது நல்லது. வளவு இல்லாதவர்களுக்குப் பள்ளித் தாழ்வாரமும், சுண்ணக்கட்டியால் கோடு கிழித்த தெருவும் போதும்.

ஒருவர் நடக்க வேண்டும். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து இரண்டு வினாடிக்கு ஒரு முறை கைதட்ட வேண்டும். மூன்றாமவர் நடப்பவரைத் தொடர்ந்து சென்று, ஒவ்வொரு தட்டுக்கும் அவர் கால் இருந்த கல்லில் ஒரு புளியங்கொட்டையை வைக்க வேண்டும். நான்காமவர் கல்லின் எண்ணைக் கேட்டவுடன் வரைபடத்தாளில் புள்ளி வைக்க வேண்டும். எல்லாம் முடிந்த பின் உட்கார்ந்து வரையலாம் என்று தள்ளிப் போட்டால் மேலே சொன்ன இரண்டாவது அளவுகோல் அடிபட்டுப் போகும்.

நாங்கள் நடந்து எடுத்த எண்களைச் சற்றே சீராக்கித் தருகிறேன். முகப்பு நிலைப்படியை 0 என்று கொண்டோம். முதல் 8 வினாடிகளில் பிள்ளை சீராக நடந்து 8, 16, 24, 32 ஆகிய கற்களைக் கடந்தான். 32-ஆம் கல்லில் 4 வினாடி நின்றான். பிறகு விரைந்து திரும்பி 4 வினாடியில் 0-க்கு வந்துவிட்டான். நிலை–நேரம் கோடு முதலில் மேலேறி, கிடையாக நீண்டு, பிறகு முன்னைவிட இருமடங்கு செங்குத்தாக இறங்கியது. திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பத்தா, ‘சமதளத்துலதானே நடந்தான், கோடு ஏன் பள்ளத்துல இறங்குது?’ என்று கேட்டார். எந்தப் பாடநூலும் அதைவிடச் சரியான கேள்வியைக் கேட்டுவிட முடியாது. நடந்த பிள்ளையே விடை சொன்னான்: உயரம் என்பது முகப்பிலிருந்து எத்தனை கல் தள்ளி நிற்கிறேன் என்பது, நான் கிட்டே வர வரக் கோடு இறங்குகிறது. வரைபடத்தைப் படமாகப் பார்க்கும் தடுமாற்றம் இவ்வாறு நடந்த பிள்ளையிடம் பிறகு தலைகாட்டி நான் கண்டதில்லை.

அதே நடைக்குத் திசைவேக வரைபடம் வரைந்தால் முதல் 8 வினாடிக்கு வினாடிக்கு +4 கல், அடுத்த 4 வினாடிக்கு 0, கடைசி 4 வினாடிக்கு −8 கல். மூன்று கட்டங்களின் பரப்புகள் 32, 0, −32. கூட்டினால் 0, அது இடப்பெயர்ச்சி; பிள்ளை புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறான் என்பதை எல்லோரும் கண்ணால் பார்க்கிறார்கள். குறியை விட்டுவிட்டுக் கூட்டினால் 64 கல், அது தொலைவு. தொலைவுக்கும் இடப்பெயர்ச்சிக்கும் வேறுபாடு கேட்டால் இரண்டு வரி வரையறையை ஒப்பிக்கும் பிள்ளை, இங்கே கட்டத்தை எண்ணியே சொல்லிவிடும்.

இன்னொன்றையும் தவறாமல் செய்யுங்கள். தொடக்கப் புள்ளியைப் பின்கட்டுப் பக்கத்துக்கு மாற்றி, முகப்பை நோக்கிய திசையை நேர்த்திசையாகக் கொண்டு அதே நடையை மறுபடி வரையச் சொல்லுங்கள். கோடு தலைகீழாக மாறும், திசைவேகத்தின் குறியும் மாறும், நடையோ மாறவில்லை. குறைக்குறி ‘குறைவான வேகம்’ என்று நினைத்திருந்த பிள்ளைக்கு, அது நாம் தேர்ந்துகொண்ட திசைக்கு எதிரே செல்வதைச் சொல்கிறது என்பது அந்த நொடியில் விளங்கும்.

இனி மறைவான விலை. கைதட்டலுக்கும் கொட்டை வைப்பதற்கும் இடையில் கால் வினாடி பிசகினால், வினாடிக்கு 4 கல் நடையில் ஒரு கல் பிழை வந்துவிடும். நிலை வரைபடத்துக்கு இது பொருட்டில்லை. திசைவேகத்துக்கு இரண்டு புள்ளிகளின் பிழையும் சேர்ந்து வினாடிக்கு ஒரு கல் வரை போகும், தாங்கிக்கொள்ளலாம். முடுக்கத்துக்கு வரும்போது எண்கள் பொருளற்றுப் போகின்றன. மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாக விரைந்து நடக்கச் சொல்லி முடுக்கத்தைக் கணக்கிட முயன்ற மாலைகள் எனக்கு வீணாகவே போயின. ஒரு வரைபடத்துக்கு முக்கால் மணி நேரமும், குறைந்தது நான்கு பேரும் தேவை என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஆகவே ஏழாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும், முதல் அல்லது இரண்டாம் கேள்வியில் இடறியவர் எந்த வகுப்பில் இருந்தாலும் அவருக்கும் இதுவே முதல் வழி. மூன்றாம் கேள்வியில் முடுக்கத்தில் மட்டும் இடறியவருக்கு இது உதவாது.

பலகையும் கைப்பேசிக் காணொளியும்

முடுக்கத்தைக் கையால் தொட வேண்டுமானால் இயக்கத்தை மெதுவாக்க வேண்டும். கலிலியோ சாய்தளத்தை நாடியது அதற்காகத்தான். 1638-ல் அச்சான தம் நூலில், சீராக முடுகும் பொருள் சம கால இடைவெளிகளில் கடக்கும் தொலைவுகள் 1, 3, 5, 7 என்ற ஒற்றைப்படை வரிசையில் அமையும் என்று காட்டினார். நிறுத்துக் கடிகாரம் இல்லாத காலத்தில், மெல்லிய துளை வழியே ஒழுகிய நீரை எடை போட்டு அவர் நேரத்தை அளந்தார். நம்மிடம் கைப்பேசி இருக்கிறது.

இரண்டு மீட்டர் பலகையின் ஒரு முனையை 10 சென்டிமீட்டர் உயர்த்தி, மேலிருந்து ஒரு கோலிக்குண்டை விடுங்கள். நழுவாமல் உருளும் திண்மக் குண்டின் முடுக்கம், புவியீர்ப்பு முடுக்கத்தின் சரிவுக் கூறில் ஏழில் ஐந்து பங்கு. இந்தச் சரிவில் அது வினாடிக்கு வினாடி 35 சென்டிமீட்டர். முதல் வினாடி முடிவில் குண்டு 17.5 செ.மீ., இரண்டாம் வினாடி முடிவில் 70 செ.மீ., மூன்றாம் வினாடி முடிவில் 157.5 செ.மீ. சென்றிருக்கும். ஒவ்வொரு வினாடியிலும் கடந்தவை 17.5, 52.5, 87.5, விகிதம் 1 : 3 : 5. குண்டு பக்கவாட்டில் ஓடாமலிருக்கக் காடி உள்ள பலகையைப் பயன்படுத்தினால் முடுக்கம் இன்னும் சற்றுக் குறையும், விகிதம் மாறாது. இந்த விகிதம் தம் சொந்த அளவீட்டிலிருந்து எழுந்து வரக் கண்ட பிள்ளைகளின் முகத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்; அதற்காகவே பலகையைத் தேடி எடுக்கலாம்.

பெரும்பாலான கைப்பேசிகள் வினாடிக்கு 30 சட்டங்கள் (காணொளியின் தனித்தனிப் படங்கள்) பதிகின்றன. எனவே மூன்று சட்டங்களுக்கு ஒரு முறை குண்டின் இடத்தைக் குறித்தால் 0.1 வினாடி இடைவெளியில் தரவு கிடைக்கும். கணினி இருந்தால் டிராக்கர் என்ற இலவச மென்பொருள் புள்ளிகளை எடுத்து வரைபடமாக்கித் தரும். இல்லாவிட்டால் கைப்பேசித் திரைமேல் ஒளிபுகும் தாளை ஒட்டி, சட்டம் சட்டமாக நகர்த்திப் பேனாவால் புள்ளி வைத்தாலே போதும்.

இந்த வழியின் மறைவான விலை நுட்பமானது, சொல்லித்தர ஆளில்லாவிட்டால் பிள்ளையை மனம் தளர வைத்துவிடும். குண்டின் இடத்தைக் குறிப்பதில் அரை சென்டிமீட்டர் பிழை இயல்பானது. அதை 0.1 வினாடியால் வகுத்தால் திசைவேகத்தில் வினாடிக்கு 5 செ.மீ. பிழை. மறுபடி 0.1-ஆல் வகுத்தால் முடுக்கத்தில் 50 செ.மீ. பிழை, நாம் அளக்க வந்ததோ 35. மென்பொருள் தானாக வரையும் முடுக்க வரைபடம் மேலும் கீழும் தாறுமாறாகத் துள்ளுவது இதனால்தான். பிள்ளை தான் செய்தது தவறு என்று எண்ணிக்கொள்ளும். முடுக்கத்தைப் புள்ளி புள்ளியாக எடுக்காமல், திசைவேகப் புள்ளிகளின் நடுவே ஒரு நேர்கோடு இழுத்து அதன் சாய்வைக் காண்பதே முறை. அந்தக் கோட்டுக்குக் கீழே 3 வினாடி வரையுள்ள முக்கோணத்தின் பரப்பு, 3 × 105-இல் பாதி, அதாவது 157.5 செ.மீ.; பலகையில் அளந்த அதே எண்.

படமெடுப்பதிலும் இடறல்கள் உண்டு. கைப்பேசியைப் பலகைக்கு மிக அருகில் வைத்தால் ஓரங்களில் அளவு மாறிக் காட்டும்; மூன்று மீட்டராவது தள்ளி, பலகையின் நடுவுக்கு நேரே அசையாமல் வைத்து, அளவுகோலைப் பலகையோடு ஒட்டி வைக்க வேண்டும். மெதுவோட்டப் பதிவை இயக்கினால் வினாடிக்கு 240 சட்டங்கள் எடுத்து 30 சட்டங்களாக ஓட்டிக் காட்டும்; நேரம் எட்டு மடங்கு நீண்டு தெரியும்; அதை மறந்தால் முடுக்கம் 64 மடங்கு குறைந்துவிடும்.

கைப்பேசியில் உள்ள முடுக்க உணரியையே நேரடியாகப் பயன்படுத்தலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஜெர்மனியின் ஆகென் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலி அதைச் செய்கிறது. பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு, வண்டி கிளம்பும்போதும் தடை பிடிக்கும்போதும் கோடு எந்தப் பக்கம் எழுகிறது என்று பார்க்க அது அருமையான கருவி. ஆனால் அதிலிருந்து திசைவேகத்தைக் கூட்டி எடுக்க முயலாதீர்கள். கைப்பேசி ஒரே ஒரு பாகை சாய்ந்தாலும் புவியீர்ப்பில் 0.17 மீ/வி² முடுக்கமாகத் தென்படும். ஒரு நிமிடம் கூட்டினால், நிலையத்தில் நிற்கும் பேருந்து மணிக்கு 37 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதாகக் கணக்கு சொல்லும்.

பதினொன்றாம் வகுப்பினருக்கும், சாய்வு என்றால் என்ன என்பது பிடிபட்ட ஒன்பதாம் வகுப்பினருக்கும் இந்த வழி ஏற்றது. நிலை வரைபடமே புரியாத பிள்ளையிடம் இதைக் கொடுத்தால் மென்பொருளைக் கற்பதிலேயே மாலை கழிந்துவிடும்.

திரையில் நகரும் மாதிரி

அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002-ல் கார்ல் வீமன் தொடங்கிய ஃபெட் திட்டத்தின் இலவச மாதிரிகளில் ஒன்றில், திரையில் நிற்கும் மனிதரைச் சுட்டியால் இழுத்தால் நிலை, திசைவேகம், முடுக்கம் மூன்றின் கோடுகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக உடனே ஓடும். தாமதம் இல்லை, அளவீட்டுப் பிழை இல்லை, துணைக்கு ஆளும் வேண்டாம்.

இதன் தனிச்சிறப்பு குறியில் இருக்கிறது. தொடக்கத் திசைவேகம் +4, முடுக்கம் −1 என்று இட்டு ஓடவிட்டால் நம் மூன்றாம் கேள்வி அப்படியே கண்முன் நடக்கும்: மனிதர் 8 மீட்டர் வரை சென்று, மெதுவாகி, 4-வது வினாடியில் திரும்பி, வேகம் கூடிக்கொண்டே வந்து, 8-வது வினாடியில் புறப்பட்ட இடத்தைக் கடப்பார். கீழே முடுக்கக் கோடு −1-இல் அசையாமல் கிடக்கும். ‘குறை முடுக்கம் என்றால் வேகம் குறைதல்’ என்ற மனப்பாடம் இங்கே உடைகிறது. திரும்பி வரும் பாதியில் முடுக்கமும் குறை, திசைவேகமும் குறை, வேகமோ கூடுகிறது. இரண்டின் குறியும் ஒன்றானால் வேகம் கூடும், வேறானால் குறையும் என்ற விதியைப் பிள்ளையே கண்டு சொல்லும். இதை நடந்தும் காட்ட முடியாது, பலகையிலும் குண்டை மேல்நோக்கி உருட்டிவிட்டால்தான் ஓரளவு காட்டலாம்.

விலை என்னவென்றால், திரையை வேடிக்கை பார்ப்பது எளிது. பிள்ளை பத்து நிமிடம் மனிதரை இழுத்து ஓட்டிவிட்டுப் புரிந்துவிட்டது என்று எழுந்துவிடும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் மூன்று கோடுகளையும் தாளில் தானே வரைந்து வைத்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்த வேண்டும் என்ற கட்டுப்பாடு இல்லாவிட்டால் இந்த வழியால் பயன் மிகக் குறைவு. கருவிகளின் பெயர்கள் ஆங்கிலத்தில் இருந்தால் தமிழ்வழிப் பிள்ளைக்கு முதல் நாள் அருகில் ஒருவர் உட்கார வேண்டியிருக்கும்.

வரைபடத்தாளும் கணக்கும்

சூத்திரத்தையும் வரைபடத்தாளையும் குறைத்துப் பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பரப்பே தொலைவு என்ற கருத்து சூத்திரத்துக்கு முந்தையது. பிரான்சு நாட்டு அறிஞர் நிக்கோல் ஒரேம் 14-ஆம் நூற்றாண்டிலேயே, சீராகக் கூடும் வேகத்தை முக்கோணமாக வரைந்து, அதன் பரப்பு பாதி உயரமுள்ள செவ்வகத்தின் பரப்புக்குச் சமம் என்று காட்டினார். ஒன்பதாம் வகுப்பில் சரிவகத்தைப் பிரித்து இயக்கச் சமன்பாட்டை வருவிப்பது அந்த மரபின் தொடர்ச்சி. நன்றாகச் செய்தால் நான்காவது தடுமாற்றத்துக்கு இதைவிடச் சிறந்த மருந்து இல்லை.

கெடுதல் எங்கே வருகிறது என்றால், வரைபடம் இல்லாமல் சூத்திரத்தை மட்டும் பயிலும்போது. பேருந்து ஒன்று நிலையத்திலிருந்து புறப்பட்டு 20 வினாடியில் 10 மீ/வி வேகம் பெறுகிறது. 60 வினாடி அதே வேகத்தில் ஓடுகிறது. 10 வினாடியில் நிற்கிறது. கடந்த தொலைவு? முதல் முடுக்கம் 0.5 மீ/வி² என்று கண்டதும், 90 வினாடியையும் ஒரே சூத்திரத்தில் இட்டு 2025 மீட்டர் என்று எழுதிய விடைத்தாள்களைத் திருத்தியிருக்கிறேன். வரைபடம் வரைந்தால் 100, 600, 50 என்று மூன்று துண்டுகள், கூட்டினால் 750 மீட்டர். இயக்கச் சமன்பாடுகள் முடுக்கம் மாறாத வரையில்தான் செல்லும் என்ற எல்லையை, கோடு முறியும் இடமே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

கணக்குகளுக்கு நடுவே ஒரு நல்ல பயிற்சி: காரைக்குடி–திருச்சி தடத்தின் ரயில் கால அட்டவணையை எடுத்து, செட்டிநாடு, திருமயம், புதுக்கோட்டை என்று நிலையங்களைச் செங்குத்து அச்சிலும் நேரத்தைக் கிடை அச்சிலும் குறித்து, இருபுறமும் செல்லும் வண்டிகளுக்குக் கோடுகள் வரையச் சொல்லுங்கள். ரயில்வேயின் கட்டுப்பாட்டு அறைகளில் வண்டிகளை நடத்துவதும் இத்தகைய வரைபடத்தை வைத்துத்தான். ஒற்றைத் தடத்தில் எதிரெதிர்க் கோடுகள் நிலையங்களில் மட்டுமே வெட்டிக்கொள்ள முடியும் என்பதைப் பிள்ளை தானே சொல்லும். இரண்டாம் கேள்வியின் குழப்பமும் அங்கே தெளியும்.

பக்கத்தில் பக்கமாக

| வழி | நன்றாக நீக்கும் தடுமாற்றம் | கோடு தோன்றும் தாமதம் | முடுக்கம் | ஆட்கள் | மறைவான விலை |
|---|---|---|---|---|---|
| வளவில் நடை | படமாகப் பார்ப்பது; உயரம்–சாய்வு; திசைவேகத்தின் குறி | சில வினாடி, உடனே புள்ளி வைத்தால் | முடியாது | 4 | முக்கால் மணி நேரம் |
| பலகை, காணொளி | சாய்வு. பரப்பு | பல நிமிடம் | முடியும், நேர்கோடு இழுத்தால் | 2 | பெருகும் பிழை, மென்பொருளில் கழியும் நேரம் |
| திரை மாதிரி | முடுக்கத்தின் குறி | இல்லை | முடியும் | 1 | வேடிக்கையாக முடிதல் |
| வரைபடத்தாள் | பரப்பு. துண்டு துண்டான இயக்கம் | இயக்கமே கண்ணில் படுவதில்லை | தாளில் மட்டும் | 1 | சூத்திர மனப்பாடம் |

கேட்ட மூவருக்கும்

தேவகோட்டைத் தாய்க்கு: தனிப்பயிற்சிக்கு இப்போது அவசரமில்லை. அங்கே இன்னும் சில கணக்குகள் கிடைக்கும். உங்கள் மகளுக்குக் கணக்கு வருகிறது, கோட்டின் உயரம் எதைச் சொல்கிறது என்பதுதான் வரவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வீட்டில் நடக்கவிடுங்கள். ஒவ்வொரு நடைக்கும் நிலை வரைபடத்தின் நேர் கீழே, அதே நேர அச்சில், திசைவேக வரைபடத்தையும் வரையச் சொல்லுங்கள். மேலே கோடு உச்சியில் திரும்பும் இடத்தில் கீழே கோடு பூச்சியத்தில் இருக்கும் என்பதை அவள் விரல் வைத்துக் காட்டிய பிறகு வரைபடத்தாளுக்கும் தேர்வுக் கணக்குக்கும் வரலாம். தேர்வு இரண்டு வாரத்தில் என்றால் மட்டும் வரிசையை மாற்றி, வரைபடத்தாளில் தொடங்குங்கள்; நடையை விடுமுறைக்கு ஒத்திவையுங்கள்.

பள்ளத்தூர் மாணவருக்கு: நூறு கணக்கு உதவாது. மூன்று கேள்விகளையும் உங்களுக்கே போட்டுப் பாருங்கள். மூன்றாவதில் மட்டும் இடறினால் திரை மாதிரியில் மூன்று மாலைகள், பிறகு பலகையில் ஒரு மாலை. முதல் இரண்டில் இடறினால் கூச்சப்படாமல் நடந்தே தொடங்குங்கள். பதினொன்றாம் வகுப்பில் வரும் வகைக்கெழு, நீங்கள் வளவில் எண்ணிய ‘வினாடிக்கு எத்தனை கல்’ என்பதன் நுண்ணிய வடிவம்தான்.

ஆசிரியைக்கு: கைப்பேசியை நேரம் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது பேரையும் ஐந்து ஐந்தாக எட்டுக் குழுக்களாக்கி, தாழ்வாரத்திலும் மைதானத்திலும் கோடு கிழித்து, நீங்கள் ஒருவரே எல்லோருக்குமாகக் கைதட்டினால் முதல் பாடவேளையில் எட்டு வரைபடங்கள் கிடைத்துவிடும். இரண்டாம் பாடவேளையில் தாள்களை மாற்றிக் கொடுங்கள்: ஒரு குழு வரைந்ததைப் பார்த்து இன்னொரு குழு நடந்து காட்ட வேண்டும், வரைந்தவர்கள் சரிபார்க்க வேண்டும். அந்தத் தாள்களுக்கு நடுவே நீங்களே வரைந்த ஒன்றையும் கலந்து வையுங்கள், அதில் ஓரிடத்தில் நிலைக்கோடு செங்குத்தாக எழட்டும். அதை நடக்க முடியாது என்று எந்தக் குழு முதலில் எழுந்து சொல்கிறதோ, அந்தக் குழுவையே கரும்பலகையில் காரணம் எழுத விடுங்கள்.